பி.எஃப். விலகல் தேதி தவறு, ஆஃபர் நிற்கிறது: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. நான்கு ரவுண்டும் முடிந்து ஆஃபர் லெட்டர் வந்த பிறகு, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் 'இரட்டை வேலை' என்று நிறுத்திவிட்டார்கள்.

யுஏஎன் (பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் நிரந்தர எண்) போர்ட்டலில் 'வியூ' போய் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பார்த்தால் காரணம் தெரிகிறது. பழைய கம்பெனியில் கடைசி வேலைநாள் 31-05-2021. அவர்களோ கணக்கு தீர்த்த நாளான 31-08-2021-ஐ விலகல் தேதியாக ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த கம்பெனியில் சேர்ந்தது 07-06-2021. ஆக, ஏறக்குறைய மூன்று மாதம் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகப் பதிவு.

விலகல் தேதி காலியாக இருந்தால் 'மார்க் எக்ஸிட்'டில் நாமே ஆதார் ஓடிபி கொடுத்துப் போட்டுவிடலாம். ஏற்கெனவே தவறாகப் போட்டிருந்தால் அது உதவாது, ஜாயிண்ட் டிக்ளரேஷன்தான் (ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்). 2025 ஜனவரியில் வந்த தளர்வின்படி, 01-10-2017-க்குப் பின் ஆதாரோடு வாங்கிய யுஏஎன் என்றால் கம்பெனி ஒப்புதல் இல்லாமலே திருத்தலாம். என் யுஏஎன் 2015-இல் வாங்கியது. ஒப்புதல் தர வேண்டிய கம்பெனியோ மூடியாகிவிட்டது.

கையில் இருப்பவை: ரிலீவிங் லெட்டர், மே மாதச் சம்பளச் சீட்டு, பழைய கம்பெனியின் பணம் வரவு மே மாதத்தோடு நின்ற பி.எஃப். பாஸ்புக்.

மூடிய கம்பெனிக்கு ஜாயிண்ட் டிக்ளரேஷனை அம்பத்தூர் பி.எஃப். அலுவலகத்தில் நேரில் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? யாருடைய சான்றொப்பத்தை ஏற்றார்கள், எத்தனை நாளில் தேதி மாறியது? அதுவரை ரிலீவிங் லெட்டரையும் பாஸ்புக்கையும் வைத்து எச்.ஆர். யாருக்காவது விலக்கு தந்தார்களா? சேர வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.