8/8 என்று வாங்கிய கத்தி அளந்தால் 7/8: பழைய சவரக்கத்தி அளவுத் தகராறுகள், உங்கள் அனுபவம்?

ஷெஃபீல்டுபித்தன்

வேட் அண்ட் புட்சர் (பழைய ஷெஃபீல்டு கம்பெனி) கத்தி, கனத்த வெட்ஜ், அதாவது பக்கங்களில் குழிவு இல்லாத ஆப்பு வடிவம். ஏலத் தலைப்பிலேயே ‘முழு 8/8’ என்று போட்டிருந்தது. வந்ததும் காலிப்பர் வைத்தால் நடுவில் 22.9 மி.மீ. கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்றுதான் சொல்வார்கள்; 8/8 என்றால் முழு அங்குலம், 25.4 இருக்க வேண்டும். அதாவது 7/8-ஐ விடக் கொஞ்சம்தான் கூடுதல். விற்றவரிடம் கேட்டால், ‘படத்தில் ஸ்கேல் வைத்துக் காட்டியிருக்கிறேனே’ என்கிறார். காட்டியிருக்கிறார்தான். ஆனால் ஸ்கேல் நிற்பது குதியில், காம்பு முடிந்து வாய் (வெட்டும் விளிம்பு) தொடங்கும் இடத்தில். அங்கே இன்றைக்கும் 25.1 இருக்கிறது. முனைப் பக்கம் 24. நடுதான் உள்வாங்கிக் கிடக்கிறது. ஸ்கேலைப் பிடித்திருக்கும் அவருடைய கட்டைவிரல் சரியாக அந்த நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு இருக்கிறது. அந்த விரல்தான் உறுத்துகிறது. விலையில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன், கத்தியை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். 8/8 வெட்ஜுக்கும் 7/8 வெட்ஜுக்கும் சந்தையில் உள்ள விலை வித்தியாசம் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தோல்வார்

இதற்கு நேர்மாறான ஒன்று. ஜெர்மனியின் ஸோலிங்கன் கத்தி, ஃபுல் ஹாலோ (பக்கங்களை நன்றாகக் குழித்து மெலிதாக்கியது), காம்பிலேயே 5/8 என்று முத்திரை. அளந்தால் 14.3 மி.மீ. கணக்குப்படி 9/16. விற்றவரின் வாதம் ஒரே வரி: ‘தயாரித்தவனே 5/8 என்று அடித்திருக்கிறான், நான் என்ன செய்ய?’

முத்திரை சொல்வது கத்தி பட்டறையை விட்டு வெளியே வந்த நாளின் அளவு. அதற்கப்புறம் எத்தனை கையில், எத்தனை தீட்டுக்கல்லில் ஏறி இறங்கியிருக்கும்? முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பக்கமும் கல் தேய்த்த தட்டை கிட்டத்தட்ட 3 மி.மீ. அகலத்துக்குப் பளபளவென்று ஓடியது. முதுகு கனம் 4.0 மட்டும். முதுகும் வாயும் ஒன்றாகத் தேய்ந்ததால் வாயின் கோணம் 16 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது, சவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கியவர் வைத்துக்கொண்டார். ஆனாலும் முத்திரையைப் பார்த்து அளவு எழுதுவது தப்பு. அதை எழுதுகிறவர் கத்தியை அளக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

முக்கால்அங்குலம்

பித்தன் அண்ணா, கோபிக்காதீர்கள். குதியில் அளந்ததை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. எங்கே அளக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வாய் வெளியே வளைந்த பழைய ஷெஃபீல்டு கத்திகளில் நடுதான் அகலம், குதியில் அளந்தால் விற்பவருக்குத்தான் நஷ்டம். எட்டில் ஒரு பங்கு என்பதே 3.175 மி.மீ. படி. கையால் சாணை பிடித்த காலத்தில் புதுக் கத்தியே முன்னே பின்னே இருந்திருக்கும்.

வாங்குகிறவர்களும் சரியாக அளப்பதில்லை. 6/8 என்று விற்ற ஒரு கத்தி, நிஜத்தில் 18.6. வாங்கியவர் ‘இது 5/8, ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று புகார் போட்டு, ஆதாரமாகப் படமும் அனுப்பினார். பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல். அதன் விளிம்பை முதுகோடு சேர்த்து வைத்திருந்தார். அந்த ஸ்கேலில் சைபர் கோடு விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்குகிறது! 18.6-இல் 3 போனால் 15.6, அப்படியே 5/8 மாதிரிதான் தெரியும். சைபர் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டு அந்தப் படத்தையே திருப்பி அனுப்பியதும் புகார் வாபஸ். இன்னும் சிலர் முதுகை விட்டுவிட்டு, குழிவு தொடங்கும் இடத்திலிருந்து வாய் வரை அளக்கிறார்கள். முதுகின் உச்சியிலிருந்து வாய் வரை என்பதுதான் கத்திக்காரர்கள் எல்லோரும் புழங்கும் அளவு.

சாணைக்கல்

தம்பி முக்கால், யாரும் சட்டம் போடவில்லை என்பது சரி. அதனால்தான் எங்கே அளந்தேன் என்று விற்பவர் எழுத வேண்டும் என்கிறோம். ‘8/8 (குதியில்)’ என்று எழுதியிருந்தால் பித்தன் வாங்கியிருக்கவே மாட்டார்.

படத்தில் ஸ்கேல் வைப்பதையும் நம்பாதீர்கள். 13/16 என்று விளம்பரம், படத்தில் 20 மி.மீ. கோட்டைத் தெளிவாகத் தாண்டுகிறது, கைக்கு வந்தது 19.3. விற்றவர் பொய் சொல்லவில்லை, கேமராதான் சொன்னது. கத்தியை ஸ்கேல் மேல் படுக்க வைத்தால் வாய் ஸ்கேலோடு ஒட்டி இருக்கும், முதுகின் உச்சியோ 3 மி.மீ. வரை மேலே தூக்கி நிற்கும். போனை 15 செ.மீ. உயரத்தில், வாய்ப் பக்கமாக 5 செ.மீ. தள்ளிப் பிடித்து எடுத்தால் முதுகு சுமார் 1 மி.மீ. அப்பால் விழுந்த மாதிரி தெரியும். முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் அதே அளவு குறையும். 6/8-க்கும் 13/16-க்கும் இடையே இருப்பதே 1.6 மி.மீ.தான்! போனை ஒரு மீட்டர் தள்ளி, நேர் மேலே வைத்து, ஜூம் செய்து எடுங்கள். அதைவிட நல்லது, காலிப்பர் கத்தியைப் பிடித்திருக்கும்போதே எண் தெரிய எடுப்பது.

காலிப்பரை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன், அதிலும் சண்டை வருகிறது. முதலில் இரண்டு தாடையையும் துடைத்து மூடி, 0.00 காட்டுகிறதா என்று பாருங்கள். 10 ரூபாய் நாணயத்தை அளந்தால் 27 வர வேண்டும். வாயின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை மடித்து ஒட்டுங்கள். அது கூட்டுவது சுமார் 0.05 மி.மீ. அளவுதான், ஆனால் இரும்புத் தாடை பட்டு வாய் பொரிந்துபோகாமல் (சில்லு உடையாமல்) காக்கும். நகராத தாடையில் முதுகை வைத்து, மற்றதை மெதுவாகத் தள்ளி, தொட்டதும் நிறுத்துங்கள். அழுத்தாதீர்கள். கத்தியை நீளவாக்கில் இலேசாக ஆட்டிப் பார்த்து, வருகிற எண்களில் ஆகக் குறைந்ததை எடுங்கள். நீளவாக்கில் சாய்ந்திருந்தால் எண் கூடத்தான் செய்யும். குதியிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, நடுவில், முனையிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே என மூன்று இடம். அதே மூன்று இடத்தில் முதுகு கனமும். இந்த ஆறு எண்ணையும் மி.மீ.-இல் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு 6/8 என்றோ 13/16 என்றோ பெயர் வையுங்கள்.

கோவைக்கத்தி

பித்தன் சார், முதுகு கனம் எவ்வளவு? முதுகில் தேய்மானம் இருக்கிறதா?

ஷெஃபீல்டுபித்தன்

நடுவில் 7.0. முதுகில் தேய்மானம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, அந்தக் காலப் பாலிஷ் கோடு அப்படியே இருக்கிறது.

கோவைக்கத்தி

அப்படியானால் அது கல்லில் தேய்ந்து இறங்கிய கத்தி இல்லை. கல்லில் படுக்க வைத்துத் தீட்டினால் வாயோடு முதுகும் தேய்ந்தே ஆக வேண்டும். வெட்ஜில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். முதுகு புதிதாக இருந்து வாய் மட்டும் இரண்டரை மி.மீ. போயிருக்கிறது என்றால், நடுவில் பெரிய பொரிசல் ஏதோ இருந்து, வாயைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தித் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். சக்கரத்தில் கொடுத்தும் இருக்கலாம். அப்படியானால் சூடு ஏறி வாயின் பதம் (இரும்பின் கடினம்) இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நீலமோ வைக்கோல் நிறமோ தெரிகிறதா என்று வெயிலில் பாருங்கள். ஆனால் பாலிஷ் போட்டால் நிறம் போய்விடும், நிறம் இல்லை என்பதால் பதம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

அளவு குறைந்ததை விடப் பெரிய பிரச்சினை கோணம். 25.4 அகலம், 7.0 முதுகு என்றால் கோணம் 16 டிகிரிக்கு ஒரு இழை கீழே. உள்வாங்கிய வாய் தட்டைக் கல்லில் நடுவில் தொடவே தொடாது, ஆகவே குதியையும் முனையையும் நடுவுக்குச் சமமாக இறக்கியாக வேண்டும். 22.6-இல் போய் நிற்கும். அதே 7.0 முதுகோடு கோணம் 18-ஐ நெருங்கிவிடும். தீட்டும்போது முதுகு தேயாமல் இருக்க அதில் டேப் ஒட்டினால் கோணம் இன்னும் ஏறும். குறைக்க வேண்டும் என்றால் முதுகைத் தேய்க்க வேண்டும், அந்த அழகான பாலிஷ் போய்விடும். விற்றவர் தருகிற தள்ளுபடி இதற்கு ஈடாகாது. திருப்பி அனுப்புங்கள்.

முக்கால்அங்குலம்

முதுகு விவரம் தெரிந்த பிறகு நானும் கோவை சார் பக்கம்தான். இது குதியா நடுவா என்கிற தகராறு இல்லை, பழுதுபார்த்ததைச் சொல்லாமல் விற்றது. புகாரில் ‘அளவு குறைவு’ என்று மட்டும் எழுதினால் அவர் குதிப் படத்தைக் காட்டித் தப்பிப்பார். ‘வாய் வெட்டி இறக்கப்பட்டது, விளம்பரத்தில் குறிப்பிடவில்லை’ என்று எழுதி, காலிப்பர் எண் தெரியும் மூன்று படம் சேருங்கள். கூடவே நேரான இரும்பு ஸ்கேலில் வாயை வைத்து, பின்னால் வெளிச்சம் கொடுத்து ஒரு படம். நடுவில் ஒளிக்கோடு தெரிந்தாலே போதும்.

தோல்வார்

திருப்பி அனுப்பும்போது ஒன்று. கத்தி முழுக்க மினரல் எண்ணெய் தடவி, வாய்க்கு மடித்த அட்டை உறை போட்டு, மடக்கிய பிறகு பிடியோடு சேர்த்து நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அதில் உள்ள கந்தகம் இரும்பைக் கறுப்பாக்கும். கட்டுவதற்கு முன் வாயை முழு நீளத்துக்கும் படம் எடுத்து வையுங்கள். வழியில் துரு ஏறினாலோ பொரிந்தாலோ அதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்.