கடைசி கட்டத்துல இழுக்கிற வியூக கேம்: சிபியு மட்டும் மாத்தினா போதுமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேணும். பெரிய வரைபட வியூக கேம்கள் ஆரம்பத்துல சரளமா ஓடுது. நூறு வருஷம் தாண்டினா, வேகத்தை உச்சத்துல வெச்சாலும் தேதி நகர மாட்டேங்குது. கிராபிக்ஸ் கார்டு 40%தான் வேலை செய்யுது. ரெசல்யூஷனைக் குறைச்சும் வித்தியாசமே இல்லை. மொத்த சிபியு 25%, ஆனா ஒரே ஒரு கோர் முழுசா திணறுது.

என்கிட்ட இருக்கிறது: ரைசன் 5 3600 சிபியு, பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் ரெண்டு. எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன்ல இருக்கு, சூடும் இல்லை. அதனால "கார்டை மாத்து"ங்கிற பதில் வேண்டாமே!

ரைசன் 7 5800எக்ஸ்3டி சிபியுல எல்3 கேஷ் (சிபியுக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 96 எம்பி. 3600-ல 32, அதுவும் 16+16ஆ பிரிஞ்சது. பயாஸ் அப்டேட் பண்ணி இதே போர்டுல போட்டா விஆர்எம் (போர்டுல சிபியுக்கு மின்சாரம் தர்ற பகுதி) தாங்குமா? இல்ல ஏஎம்டியோட அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கே போயிடலாமா? ஒரே சேவ் ஃபைல்ல, பத்து வருஷம் ஓட எத்தனை நொடின்னு மாத்துறதுக்கு முன்னும் பின்னும் அளந்தவங்க இருந்தா சொல்லுங்க. எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கணக்கு இதுக்கு உதவாது.