கோட் திறந்திருப்பதால் எனக்கென்ன லாபம்?

நிலவன்:
வாட்ஸ்அப்பும் சிக்னல் செயலியும், செய்தியைப் பூட்டி அனுப்ப, சிக்னல் நெறிமுறை என்ற ஒரே முறையைத்தான் பயன்படுத்துகின்றன. வாட்ஸ்அப்பில் 2016 முதல் தனி அரட்டைக்கும் குழு அரட்டைக்கும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) உண்டு. பூட்டு ஒன்றுதான் என்றால், சிக்னலின் மூலநிரல் (கோட்) கிட்ஹப் என்ற பொதுத் தளத்தில் இருப்பதால் என்னைப் போல கோட் படிக்கத் தெரியாதவனுக்கு என்ன கிடைக்கிறது? எங்கள் அலுவலகக் குழுவுக்கு ஒரு செயலி முடிவு செய்ய வேண்டும்.

கயல்:
நீங்கள் படிக்க வேண்டாம், படிக்கத் தெரிந்தவர்களுக்கு வழி இருந்தால் போதும். 2022ல் மேட்ரிக்ஸ் என்ற அரட்டை அமைப்பின் செயலிகளுடைய என்கிரிப்ஷனில் பெரிய ஓட்டைகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கோட் திறந்திருந்ததால் அவர்கள் வேலை எளிதானது.

மறைசாவி:
கயல் சொல்வது சரி, ஆனால் பாதிதான். கிட்ஹப்பில் இருக்கும் கோடும் உங்கள் போனில் ஓடும் செயலியும் ஒன்றுதானா? என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி இதுதான். சிக்னலின் ஆண்ட்ராய்டு செயலியில் இதை நாமே சோதிக்கலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். போனிலிருந்து ஏபிகே கோப்பை (செயலியின் நிறுவல் கோப்பு) எடுத்தேன். அதே பதிப்பின் மூலநிரலை, எந்தக் கணினியிலும் ஒரே சூழலைத் தரும் டாக்கர் என்ற கருவியில் வைத்து, செயலியாக பில்ட் செய்தேன். சிக்னல்காரர்களே தரும் ஸ்கிரிப்ட்டால் (சிறு நிரல்) இரண்டையும் ஒப்பிட்டேன். வெளியிட்டவர் யார் என்று காட்டும் கையொப்பக் கோப்புகளைத் தவிர எல்லாம் பொருந்தியது. மூடிய செயலியில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. ஐபோனில் இது ரொம்பக் கடினம், ஆப் ஸ்டோர் செயலியை என்கிரிப்ட் செய்துதான் தருகிறது.

செய்திகளைக் கடத்தும் சர்வரின் கதை வேறு. 2020 ஏப்ரல் முதல் ஏறக்குறைய ஓராண்டு சிக்னல் தன் சர்வர் கோடைப் பொதுவில் புதுப்பிக்கவே இல்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். பூட்டைத் திறக்கும் சாவி நம் போனில் இருப்பதால் செய்திகளுக்கு ஆபத்தில்லை. ஆனால் யார் யாரோடு பேசுகிறார் என்பது சர்வர் வழியாகத்தானே போகிறது? சர்வரில் எந்த கோட் ஓடுகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பதும் எளிதல்ல. அதனால் குறைவாகச் சேமிப்பவரைத்தான் நம்புவேன். 2016ல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் சிக்னலால் கொடுக்க முடிந்தது. அந்த ஆவணங்களையும் வெளியிட்டார்கள்.

நிலவன்:
அப்போ டெலிகிராம்? அதன் செயலியும் திறமூலம்தானே, அதாவது கோட் திறந்ததுதானே?

மறைசாவி:
செயலி திறமூலம், சர்வர் மூடியது. அதைவிட முக்கியம், அதன் சாதாரண அரட்டைகளிலும் குழுக்களிலும் எண்ட்-டு-எண்ட் கிடையாது. இருவர் மட்டும் பேசும் ரகசிய அரட்டையில்தான் உண்டு. குழுவுக்கு என்றால் அதை விட்டுவிடுங்கள்.

கயல்:
வாட்ஸ்அப்பே போதும் என்று முடிவானால் பேக்கப்பைப் பாருங்கள். அதற்கான என்கிரிப்ஷனை நாமேதான் இயக்க வேண்டும்.

மறைசாவி:
ஆமாம். அப்புறம், வாட்ஸ்அப்பானாலும் சிக்னலானாலும், இருவர் அரட்டைக்குச் செயலி காட்டும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணை நேரில் ஒப்பிடுங்கள். நடுவில் யாரும் சாவியை மாற்றவில்லை என்று தெரிந்துகொள்ள கோட் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 2023ல் வாட்ஸ்அப், யாருக்கு எந்தச் சாவி என்று குறித்துவைக்கும் சாவிப் பதிவேட்டைத் தானாகச் சரிபார்க்கும் வசதியை அறிவித்தது, நல்ல முயற்சி. ஆனாலும் சரிபார்க்கும் செயலி மூடியதாகவே இருக்கிறது. உங்கள் குழுவில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு என்றால் நான் சிக்னலைத்தான் சொல்வேன்.