ஷட்டரை இறக்கும் நேரத்தில் அணைய மறுக்கும் கணினி: உங்கள் அனுபவம் என்ன?

சத்துவாச்சாரி, டிடிபி கடை:

கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை. நான்கு கணினி, நான்கிலும் லினக்ஸ். டிசைன் எல்லாம் அலமாரி மேல் இருக்கும் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக எல்லாக் கணினியும் பகிரும் சேமிப்புப் பெட்டி). ஒவ்வொரு கணினியிலும் எஃப்எஸ்டேப் (எதை எங்கே இணைப்பது என்ற பட்டியல் ஃபைல்) வழியாக சிஃப்ஸ் (விண்டோஸ் பாணி ஃபைல் பகிர்வு) ஷேராக மவுண்ட் ஆகும், அதாவது சாதாரண ஃபோல்டர் போல இணைந்துகொள்ளும்.

மூன்று கணினிகள் ஒழுங்காக அணையும். நான்காவது மட்டும் கறுப்புத் திரையில் ‘ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று போட்டு, 1 நிமிடம் 30 நொடிக்கு எண்ணிக்கொண்டு நிற்கும். சில நாள் அது முடிந்தும் அடங்காது. வேலூர் வெயிலில் பகல் முழுக்க வெந்துவிட்டு, இரவு 9 மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு கணினிக்காகக் காவல் இருப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? கடைப் பையன் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க ஆரம்பித்தான். ஒரு முறை, சேமித்த கையோடு அப்படி அணைத்ததில், மறுநாள் ஒரு பத்திரிகை ஃபைல் திறக்கவே இல்லை. அந்த வீட்டாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

முதலில் எல்லோரும் சொல்லும் மருந்தைத்தான் போட்டேன்: எஃப்எஸ்டேப் வரியில் ‘_நெட்டெவ்’, அதாவது ‘இதற்கு நெட்வொர்க் வேண்டும்’ என்ற குறிப்பு. பலன் இல்லை. சிஃப்ஸ், என்எஃப்எஸ் (லினக்ஸ் பாணி ஃபைல் பகிர்வு) இரண்டையும் பெயரைப் பார்த்தே நெட்வொர்க் சமாச்சாரம் என்று சிஸ்டெம்டி (லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கி நிறுத்தும் மென்பொருள்) புரிந்துகொள்ளும்; அங்கே அந்தச் சொல் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு நாள் அணைப்பதற்கு முன் ஷேரைக் கையால் அன்மவுண்ட் செய்து (கழற்றி) பார்த்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் அணைந்தது. சரி, ஷேரிலோ நாஸிலோ கோளாறு இல்லை. அப்படியானால் இந்தக் கணினிக்கு மட்டும் என்ன வித்தியாசம்? மற்ற மூன்றுக்கும் கேபிள், இதற்கு மட்டும் வைஃபை! ஜர்னல்சிடிஎல்லில் (கணினியின் பதிவேட்டைக் காட்டும் கட்டளை) முந்தைய முறை கணினி ஓடியபோது எழுதிய பதிவைத் திறந்தால் அப்படியே இருக்கிறது: முதலில் வைஃபை துண்டிப்பு, அதற்குப் பிறகு ‘சர்வர் பதில் தரவில்லை’ என்று சிஃப்ஸின் புலம்பல். கல்லா கணக்கை முடிக்கும் முன்பே கடைக்கு வெளியே பூட்டுப் போட்ட மாதிரி.

வைஃபை ஏன் முந்திக்கொண்டது? அந்த இணைப்பு ஒரு பயனருக்கு மட்டும் உரியதாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அவருடைய செஷன் (லாகின்) முடிந்ததும் நெட்வொர்க்மேனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) இணைப்பையும் முடித்துவிடுகிறது. ஷேர் அந்தரத்தில் தொங்குகிறது. நெட்வொர்க் அமைப்பில் ‘எல்லாப் பயனர்களும் இணையலாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கடவுச்சொல்லைப் பயனரின் சாவிக்கொத்தில் வைக்காமல் கணினி முழுமைக்கும் சேமிக்க வேண்டும், அதையும் மாற்றினேன். இப்போது நான்கும் ஒன்றுபோல் அணைகின்றன.

ராணிப்பேட்டை, தோல் கம்பெனி அலுவலகம்:

எங்கள் கதையில் வைஃபையே கிடையாது. எல்லாம் கேபிள், என்எஃப்எஸ். கரண்ட் போகும் நாளில் மட்டும் கணினிகள் தொங்கும், மற்ற நாளில் சமர்த்து. இரண்டு வாரம் எஃப்எஸ்டேப்பையே வெறித்துப் பார்த்தேன். கடைசியில் கண்டுபிடித்தது எலக்ட்ரீஷியன்! கணினிகளும் சர்வரும் யுபிஎஸ்ஸில், நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் நேர் கரண்டில். கரண்ட் போன நொடியே பாதை அறுந்துவிடும். அதற்குப் பிறகு முறையாக அணைக்கப் பார்த்தால் எங்கே போய் அன்மவுண்ட் செய்வது? என்எஃப்எஸ் ‘ஹார்ட்’ மவுண்டாக இருந்ததால் சர்வர் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்விட்சின் பிளக்கை யுபிஎஸ்ஸுக்கு மாற்றினோம், அவ்வளவுதான்.

இடையில் ஒரு புத்திசாலி ‘சாஃப்ட்’ மவுண்டாக (கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கைவிடும் வகை) மாற்றச் சொன்னார். மாற்றினேன். தொங்குவது குறைந்தது, ஆனால் ஏற்றுமதி பில் ஒன்று பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோனது. மறுநாளே ஹார்டுக்குத் திரும்பினேன்.

குடியாத்தம்:

நான் அந்த 90 நொடிக் காத்திருப்பை 10 நொடியாகக் குறைத்துவிட்டேன். சீக்கிரம் அணைகிறது. இது தப்பா?

சத்துவாச்சாரி, டிடிபி கடை:

தப்பு என்று அடித்துச் சொல்லமாட்டேன் அண்ணா. ஆனால் என் கடைப் பையன் விரலால் செய்ததை நீங்கள் செட்டிங்கில் செய்கிறீர்கள். எழுதி முடிக்காத தரவு எழுதாமலே போகும். முதலில் ஷேரை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: ‘ஃப்யூசர் -விஎம்’ போட்டு மவுண்ட் ஆன இடத்தின் பாதையைக் கொடுத்தால் பெயரோடு காட்டும். சர்வர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், செத்த பிறகு கேட்டால் அந்தக் கட்டளையே தொங்கிவிடும்.

குடியாத்தம்:

பார்த்தேன். காலையில் ஷேருக்குள் போய்த் திறந்த டெர்மினல் (கட்டளை ஜன்னல்) ஒன்று அப்படியே கிடந்தது. அன்மவுண்ட் செய்தபோதெல்லாம் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று சொன்னது அதனால்தான். மூடியதும் போய்விட்டது. ஆனால் தினமும் ஞாபகம் வைத்து மூட என்னால் ஆகாது.

ராணிப்பேட்டை, தோல் கம்பெனி அலுவலகம்:

எஃப்எஸ்டேப்பில் ‘நோஆட்டோ’வும் ‘எக்ஸ்-சிஸ்டெம்டி.ஆட்டோமவுண்ட்’டும் சேர்த்து, ஐடில்-டைம்அவுட்டை 60 என்று வையுங்கள். ஷேரைத் தொட்டால் மவுண்ட் ஆகும். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகக் கழன்றுவிடும். அணைக்கும் நேரத்தில் பெரும்பாலும் கழற்ற ஒன்றுமே மிச்சம் இருக்காது. ஆனால் அந்த டெர்மினல் ஷேருக்குள் நிற்கும்வரை இதுவும் கழலாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம்:

அப்போ டெர்மினலை மூடித்தான் ஆகணும். சரி, ‘மூடு’ என்று ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டேன்.