சமகாலக் கலையைப் பார்க்கக் காட்சிக்கூடம் எதற்கு, தெரு போதாதா?

தெருவோரன்:
புது நகரம் ஒன்றில் இரண்டு நாள் கிடைத்தால், சமகாலக் கலை பார்க்கிறேன் என்று வெள்ளைச் சுவர்களுக்குள் போய் அடைபடாதீர்கள் என்பது என் கட்சி. சிகாகோவில் வெட்டவெளியில் சிற்பி அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ இருக்கிறது, கண்ணாடிபோல் முகம் தெரியும் சிற்பம். 168 எஃகுத் தகடுகள், இணைத்த தடமே தெரியாத மெருகு, 110 டன். அதன் முன்னால் நிற்கும் குழந்தை யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. டிக்கெட்டும் கிடையாது. கண்காட்சியில் பாதிப் பேர் படைப்பைவிட, பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பட்டையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள்.

வெண்சுவர்:
அந்த எடுத்துக்காட்டு உங்களுக்கே எதிராகப் போகிறதே. கிளவுட் கேட்டில் எல்லோரும் பார்ப்பது தங்கள் முகத்தை. ஒரு செல்ஃபி, அப்புறம் நடை. தெருவில் நிற்கும் எதையும் முதலில் ஒரு குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மழை தாங்குமா, யாராவது ஏறி விழுவார்களா, யாருக்காவது கோபம் வருமா என்று கேட்பார்கள். இதில் எல்லாம் தேறி வருவது பெரும்பாலும் யாரையும் உறுத்தாத பளபளப்புதான். காட்சிக்கூடத்துக்குள் வருபவர் தானாக வருகிறார், பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போகலாம். அதனால் அங்கே கலைஞர் துணிந்து தோற்கலாம். 2003இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் கலைஞர் ஓலஃபர் எலியாசன் மஞ்சள் ஒளியில் ஒரு சூரியனையே தொங்கவிட்டார். கூரை முழுக்கக் கண்ணாடி. ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்து, மேலே தெரிந்த தங்கள் உருவத்துக்குக் கையாட்டினார்கள். தெருவில் இது நடக்குமா?

தெருவோரன்:
சரி, கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது சிகாகோவில் செல்ஃபி மோகம், லண்டனில் கலையனுபவமா? நல்ல நியாயம்!

யாரையும் உறுத்தாதது என்கிறீர்கள். சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்டட் ஆர்க்’ எந்தக் கணக்கில் வரும்? 1981இல் நியூயார்க்கில் அரசு அலுவலகங்களின் முன்னால் இருக்கும் ஃபெடரல் பிளாசா சதுக்கத்தைக் குறுக்கே வெட்டி நின்ற எஃகுச் சுவர். 120 அடி நீளம், 12 அடி உயரம், அதுவும் துருவேறிய நிறத்தில். உறுத்துவதற்கென்றே வந்தது.

மதிய_இடைவேளை:
இத்தனை நேரமாக யாருமே அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. நான் கலைக்காரன் இல்லை, அலுவலகக்காரன். நேராகக் கடந்துபோன சதுக்கத்தை ஒருநாள் முதல் சுற்றிப் போக வேண்டும், ஏனென்று கேட்டால் உனக்குக் கலை புரியவில்லை என்பார்கள். 1985 பொது விசாரணையில் சுவர் இருக்கட்டும் என்று 122 பேரும், எடுத்துவிடுங்கள் என்று 58 பேரும் பேசினார்கள். அந்த 122இல் கலைத்துறையினர் நிறைய. கடைசியில் 1989 மார்ச்சில் ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து எடுத்துப் போனார்கள். அந்த இடத்துக்கென்றே செய்தது, வேறு இடத்துக்கு மாற்றினால் அழித்ததாகத்தான் அர்த்தம் என்பது செர்ராவின் வாதம். புரிகிறது. ஆனால் அந்த இடம் ஏற்கெனவே சிலருடையதாக இருந்ததே!

வெண்சுவர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். உள்ளே வராதவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தெருவோரன்:
அப்படியானால் சிற்பி ரேச்சல் வைட்ரீட்டின் ‘ஹவுஸ்’ பிறந்தே இருக்காது. கிழக்கு லண்டனில் வரிசை வீடுகளை இடித்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சிய ஒரு வீட்டுக்குள் கான்கிரீட் நிரப்பி, வெளிச்சுவர்களை உரித்தெடுத்தார். அறைகளின் வெற்றிடம் கல்லாக நின்றது. அக்கம்பக்க வீடுகள் காணாமல் போன அந்தத் தெருவில்தான் அதற்கு உயிர், எந்த மண்டபத்தில் வைத்தாலும் அது வெறும் கான்கிரீட். 1993 நவம்பரில் அவருக்குப் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு கிடைத்த அதே நாளில் உள்ளாட்சி மன்றம் அதை இடிக்க முடிவெடுத்தது. ஜனவரியில் தரைமட்டம்.

காவல்_நாற்காலி:
நான் ஒரு அருங்காட்சியகத்தில் அறைக் கண்காணிப்பாளர். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கலைக் கேள்வி, “கழிப்பறை எங்கே?”

தெருவோரன் சொன்ன குறிப்பட்டை விஷயம் உண்மைதான், படைப்பின் முன் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கணக்கெடுத்து 2001இல் வெளியிட்டார்கள், ஒரு ஓவியத்தின் முன் சராசரியாக 27 விநாடி. ஆனால் தெருச்சிற்பத்தின் முன் அந்த 27 விநாடியாவது நிற்கிறார்களா? எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வருபவர்கள் மூன்றாவது அறையிலேயே களைத்துவிடுகிறார்கள். வீடியோ படைப்பு என்றால் இன்னும் மோசம். பாதியில் நுழைந்து, எட்டிப் பார்த்து, போய்விடுவார்கள். எத்தனை நிமிடம் ஓடும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நுழைந்த இடத்துக்கே காட்சி திரும்பி வரும்வரை உட்காருங்கள். மீதி அறைகளை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

சைக்கிள்_வரைபடம்:
இரண்டும் சேர்ந்த ஊர் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் மியூன்ஸ்டர். 1977 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை நகரம் முழுக்கச் சிற்பத் திட்டம், கட்டணம் கிடையாது. வரைபடத்தோடு சைக்கிளில் தேடிப் போகலாம். முதல் முறை சிற்பி க்ளேஸ் ஓல்டன்பர்க் ஏரிக்கரையில் ராட்சத கான்கிரீட் உருண்டைகளை வைத்தபோது, மாணவர்கள் அவற்றை ஏரிக்குள் உருட்டிவிடப் பார்த்தார்கள். இன்றைக்கு அவை ஊரின் அடையாளம்.

வெண்சுவர்:
அங்கே பெரும்பாலானவை கழற்றப்பட்டுவிடும், சிலவற்றைத்தான் நகரம் வைத்துக்கொள்கிறது. முடிவுத் தேதி இருப்பதால்தான் அந்தத் துணிச்சல். அது வெளியே நடக்கும் கண்காட்சி, அவ்வளவே.

மதிய_இடைவேளை:
அப்படியென்றால் தெருவில் வைக்கும் எல்லாவற்றுக்கும் முடிவுத் தேதி போட்டுவிடலாமே!

தெருவோரன்:
போட்டிருந்தால் சிகாகோவில் பிக்காசோவின் 50 அடிச் சிற்பம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். 1967இல் திறந்தபோது இது என்ன பறவையா, நாயா என்று சிரித்தார்கள். இப்போது அதன் அடித்தளத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

மதிய_இடைவேளை:
பழகுவதற்கு ஐந்தாறு வருடம் கொடுங்கள். அப்புறம் தினமும் அந்த வழியாக நடப்பவர்களிடம் கேளுங்கள். செர்ராவின் சுவருக்கு எட்டு வருடம் கிடைத்ததே, போதாதா?

தெருவோரன்:
எட்டில் பாதி விசாரணையிலும் வழக்கிலும் போயிற்று சார். எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகு எவன் பழகுவான்?