சுங்கை சிப்புட் கடைக்குள் நிற்கும் லைட் பாக்ஸ் ஸ்டாண்டு: செய்தவர்களும் வைத்திருப்பவர்களும் எழுதுவது

மரப்பட்டறை:

விளையாட்டு உடுப்புக் கடைகளில் வைக்கும் லைட் பாக்ஸ் (உள்ளே விளக்கு எரியும் விளம்பரப் படப்பெட்டி) ஸ்டாண்டு பற்றித் துண்டு துண்டாகப் பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில் சேர்த்துவிடுவோம். செய்தவர்கள், வயர் இழுத்தவர்கள், கடையில் வைத்துத் துடைப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள். அளவோடு எழுதுங்கள். ‘நல்லா வந்துச்சு’ என்றால் யாருக்கும் பயனில்லை.

பேச்சுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 1800 மி.மீ. பாதம் 700க்கு 500. பின்பக்கம் முதுகுபோல 600க்கு 1200 லைட் பாக்ஸ், ஆழம் 100. முன்பக்கம் ஜெர்சி தொங்கவிட இரண்டு கைக்கம்பி, கீழே காலணித் தட்டு.

வரைபடம் கோலாலம்பூரில் போடப்படும். ஸ்டாண்டு நிற்பது நம் ஊர் கடைவீட்டில். வரைந்தவர் திரும்பி வரமாட்டார். அதனால் எந்தப் பாகம் கெட்டாலும் கடையில் வேலை செய்யும் பையன் ஒரு திருப்புளியோடு திறந்து மாற்ற முடியவேண்டும். இதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும். நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டிய பெட்டிகள் பார்க்க அழகுதான். ஆறு மாதத்தில் ஒரு வரிசை விளக்கு அணைந்தால் உடைத்துத்தான் திறக்கவேண்டும்.

பலகை: 18 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. முழுத்தாள் ஒன்று ஏறத்தாழ 39 கிலோ. எடை நல்லது, தண்ணீர்தான் எதிரி. கடையைத் தினமும் மாப் போட்டுத் துடைக்கிறார்கள். அடி விளிம்பு வழியாக ஈரம் ஏறி, பாதம் ரொட்டிபோல உப்பிவிடும். மேலே லேமினேட் ஒட்டியிருந்தாலும் அடிவிளிம்பை யாரும் கவனிப்பதில்லை, அங்கேதான் தொடங்கும். அடிவிளிம்புக்கு இரண்டு கை சீலர் அடித்து, எம்8 திருகுக்கால் போட்டுத் தரையிலிருந்து 20 மி.மீ. தூக்கிவிடுங்கள். கடைவீட்டுத் தரை எப்படியும் வாசல் பக்கம் சரிந்திருக்கும், திருகுக்கால் அதற்கும் உதவும்.

ரப்பர் மரத்தின் இணைப்புப் பலகையும் நல்ல தேர்வு. பால் வெட்டி ஓய்ந்த மரங்கள்தான் பலகையாகி வருகின்றன. ஆனால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். மருந்து ஏறாத ரப்பர் பலகையில் துளைப்பான் வண்டு சீக்கிரம் விழும். ஸ்டாண்டின் காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் அதுதான்.

வயரிங் கை:

மின்சாரப் பக்கம் நான் எழுதுகிறேன்.

600க்கு 1200 பெட்டிக்கு குறுக்கு வரிசையாக எல்.இ.டி. ஸ்டிரிப் (விளக்குப் பட்டை) 560 மி.மீ. துண்டுகள் 14, வரிசைக்கு வரிசை 80 மி.மீ. இடைவெளி. மொத்தம் 7.8 மீட்டர். மீட்டருக்கு 9.6 வாட் ஸ்டிரிப் என்றால் 75 வாட். பவர் சப்ளையை 80 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டாதீர்கள், 100 வாட் எடுத்தால் ஒட்டி நிற்கும். 150 வாட் எடுங்கள். மேல்விளக்குக்கும் சேர்த்து இடமிருக்கும், சூடும் குறையும்.

12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் எடுங்கள். 75 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல் ஓடும், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். நீளமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கடைசித் துண்டு மங்கும். 14 துண்டுக்கும் இரண்டு பக்கமும் செப்பு வயர் தண்டவாளம்போல ஓடவிட்டு, ஒவ்வொரு துண்டையும் அதிலிருந்து தனித்தனியாக எடுத்தால் எல்லாம் ஒரே வெளிச்சம். ஒன்று செத்தாலும் மற்ற 13 எரியும்.

ஸ்டிரிப்பின் பின்னால் இருக்கும் பசையை நம்பி எம்.டி.எஃபில் நேராக ஒட்டாதீர்கள். தூசியும் சூடும் சேர்ந்து சில மாதத்தில் உரிந்து தொங்கும், படத்தின் பின்னால் பாம்பு மாதிரி நிழல் தெரியும். 3 மி.மீ. அலுமினியக் கூட்டுத்தகட்டில் ஒட்டி, இரு முனையிலும் பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். சூட்டைத் தகடே வாங்கிக்கொள்ளும்.

எர்த் விஷயத்தில் சமாதானமே கிடையாது. பவர் சப்ளையில் உள்ள வடிகட்டி கெப்பாசிட்டர் வழியாகச் சிறு கசிவு எப்போதும் உண்டு. இரும்புச் சட்டத்துக்கு எர்த் போகவில்லை என்றால் அந்தக் கசிவு சட்டத்தில் நிற்கும், வெறுங்காலோடு தொடுபவருக்குச் சுள்ளென்று இருக்கும். ‘ஷாக் அடிக்குது’ என்று வரும் புகாரில் பெரும்பாலும் காரணம் இதுதான். மூன்று வயர், 0.75 சதுர மி.மீ., பச்சை-மஞ்சள் வயர் வளையமுனையோடு சட்டத்தில் போல்ட். 13 ஆம்பியர் பிளக்குக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கடையில் வாங்கும் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும், மாற்ற மறக்கிறார்கள். பிளக்கிலும் பவர் சப்ளையிலும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை பார்த்து வாங்குங்கள்.

பவர் சப்ளையை லைட் பாக்ஸுக்குள் வைக்காதீர்கள். பாதத்துக்குள், பின்கதவுக்கு நேரே, தரையிலிருந்து 100 மி.மீ. மேலே.

கடை அக்கா:

தம்பிங்களா, பூச்சியப் பத்தி ஒருத்தரும் எழுதலையே!

சாயங்காலம் மழை பெஞ்சு விட்டா ஏழு ஏழரைக்கு ஈசல் கிளம்பும். பக்கத்துல செம்பனைத் தோட்டம், கடை ஷட்டர் திறந்து கிடக்கு, உள்ள பளபளன்னு ஒரு பெட்டி. எல்லாம் அதுக்குத்தான் வரும். காத்துப்போக்கு ஓட்டைன்னு பெட்டி மேல வரிசையா துளை போட்டிருப்பாங்க. அது வழியா உள்ள போயி சாகும். மறுநாள் விளம்பரப் பையன் முகத்துல கரும்புள்ளி கரும்புள்ளியா நிக்கும். பல்லியும் போகும், பவர் சப்ளை வெதுவெதுன்னு இருக்கிறதால அங்கதான் குடியிருக்கும். பல்லி ரெண்டு முனையையும் சேர்த்துத் தொட்டா அதுவும் போச்சு, பெட்டியும் போச்சு.

துடைக்கிற விஷயம். படத்துக்கு முன்னால அக்ரிலிக் போட்ட ஸ்டாண்டா இருந்தா தின்னர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கிற மருந்து எதுவும் தொடக்கூடாது. ஓரத்துல மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும், அப்புறம் அது போகவே போகாது. சோப்புத் தண்ணி, மெத்துன்னு துணி, அவ்வளவுதான். காய்ஞ்ச துணியால தேய்ச்சா தூசிய இழுத்து வச்சுக்கும்.

இன்னொண்ணு, ஜெர்சி கறுப்பாத் தெரியுது. பின்னால அவ்வளவு வெளிச்சம், முன்னால துணி. வாங்க வர்றவங்க ஜெர்சியக் கழட்டி வாசலுக்குக் கொண்டுபோய் நிறம் பாக்குறாங்க. அப்புறம் இந்த லைட்டு எதுக்கு?

மரப்பட்டறை:

அக்கா சொன்ன பூச்சிக்கு வழி: லைட் பாக்ஸுக்குத் துளையே வேண்டாம். 75 வாட்டை அலுமினியத் தகடு முழுக்கப் பரப்பிவிட்டால் காற்றுப்போக்கு இல்லாமலே ஓடும். பின்மூடி சுற்றிலும் நுரை நாடா ஒட்டி அடையுங்கள். துளை பாதத்துக்கு மட்டும், அதுவும் கீழ்நோக்கி, எவர்சில்வர் வலை வைத்து. எவ்வளவு அடைத்தாலும் சிறு பூச்சி போகும். அதற்குப் படத்தின் கீழ்விளிம்புக்குக் கீழே 30 மி.மீ. மறைவான பள்ளம் விடுங்கள். செத்தது அதில் விழும், வெளியே தெரியாது. பின்மூடியைத் திறந்தால் தூரிகையால் கூட்டிவிடலாம்.

கறுப்பாகத் தெரிவது வரைபடத்திலேயே உள்ள தவறு. ஒளிரும் முதுகுக்கு நேர் முன்னால் துணி தொங்கினால் நிழலுருவம்தான் வரும். கைக்கம்பியை இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கி, நடுவில் படம் தெரிய விடுங்கள். மேலே 300 மி.மீ. முன்னால் நீளும் கூரை போட்டு, அதன் அடியில் ஒரு ஸ்டிரிப் துணியைப் பார்த்துச் சாய்வாக. பின்வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். கூரைவிளக்கின் நிறத்தரம் (சி.ஆர்.ஐ., நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்குக் குறையக்கூடாது. மலிவு ஸ்டிரிப்பில் சிவப்பு ஜெர்சி செங்கல் நிறமாகிவிடும். மினுமினு (ஃப்ளோரசென்ட்) மஞ்சள், ஆரஞ்சு ஜெர்சிகள் 3000 கெல்வினின் மஞ்சள் வெளிச்சத்தில் செத்துப்போகும், நீல ஒளி போதாது. 4000க்குக் குறையாமல் வையுங்கள்.

வயரிங் கை:

டிம்மர் பற்றி ஓர் எச்சரிக்கை. மலிவு டிம்மர் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துத்தான் மங்கவைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கைப்பேசிக் கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். இப்போது பாதிக் கடைகள் நேரலையில் ஜெர்சி விற்கின்றன. வாங்குமுன் விளக்கைப் பாதியாக்கிக் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள்.

படம் அடிப்பவர்:

என் பக்கம் சுருக்கமாக. இந்த அளவுக்கு அக்ரிலிக்கைவிடத் துணிப் படம் நல்லது. பாலியெஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அச்சு (சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றுவது), சுற்றிலும் 14க்கு 3 மி.மீ. சிலிக்கோன் பட்டை தைத்து அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் அழுத்துவது. புது சீசனுக்குக் கடைக்காரரே பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். மாட்டும்போது நான்கு மூலையும் முதலில், பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடு, கடைசியில் மீதி. ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போனால் முடிவில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். அனுப்பும்போது குழாயில் சுருட்டி அனுப்புங்கள், மடித்தால் மடிப்புக்கோடு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

அக்ரிலிக்தான் வேண்டும் என்றால் 3 மி.மீ. பால்வெள்ளை. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.07 மி.மீ. நீளும். 1200 மி.மீ. தகடு 25 டிகிரி சூடேறினால் 2 மி.மீ. நீளும். திருகுத்துளையைத் திருகைவிட 2 மி.மீ. பெரிதாகப் போடாவிட்டால் துளையிலிருந்து வெடிக்கும்.

பின்ஒளியில் நிறம் வெளுக்கும், கறுப்பு சாம்பலாகும். மை அளவைக் கூட்டி அடிக்கவேண்டும். 300க்கு 300 மாதிரித் துண்டு ஒன்றை அடித்து, அதே ஸ்டிரிப் மேல் வைத்துப் பார்க்காமல் முழுப்படம் அடிக்காதீர்கள். கணினித் திரையில் ஒப்புக்கொண்டது கணக்கில் வராது.

தமிழ் வரி சேர்ப்பவர்களுக்கு: வடிவமைப்பு மென்பொருள் சிலவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு அது எழுத்துப்போலவே தெரியும். எழுத்தைக் கோடாக மாற்றி, தமிழ் படிப்பவர் ஒருவரிடம் காட்டியபின் அச்சுக்கு விடுங்கள். கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்தும் வேண்டாம், வெளிச்சம் கசிந்து சுழிகள் அடைபடும்.

புதுசு:

அண்ணே, ஸ்டாண்டு சாயுமா சாயாதான்னு எப்படிக் கணக்குப் போடுறது? சட்டம் மட்டும் இரும்புக்குழாய், மொத்தம் 28 கிலோதான் வருது.

மரப்பட்டறை:

நல்ல கேள்வி தம்பி. இதை யாரும் கேட்பதே இல்லை.

பாதத்தின் ஆழம் 500. எடை நடுவில் இருப்பதாக வைத்துக்கொள். முன்விளிம்பிலிருந்து எடைமையம் 250 மி.மீ. 28ஐ 250ஆல் பெருக்கு, 7000. கைக்கம்பி முன்விளிம்பைத் தாண்டி 350 நீள்கிறது என்றால், அதில் 20 கிலோ பிள்ளை தொங்கினால் 20க்கு 350, அதுவும் 7000. அந்தப் புள்ளியில் ஸ்டாண்டு கவிழத் தொடங்கும். பள்ளி விளையாட்டுப் போட்டி நேரத்தில் கடையில் பிள்ளைகள் தொங்கத்தான் செய்வார்கள்.

300க்கு 300க்கு 50 சிமெண்டுப் பாளம் ஒன்று ஏறத்தாழ 10.8 கிலோ. இரண்டைப் பாதத்தின் பின்பாதியில், முன்விளிம்பிலிருந்து 350 தூரத்தில் மையம் வருமாறு பக்கத்தில் பக்கமாக வை. 21.6க்கு 350, 7560 கூடும். மொத்தம் 14,560. இப்போது 40 கிலோ பையன் தொங்கினாலும் 14,000தான். அதற்கு மேல் கம்பியை நீட்டாதே, முன்விளிம்பைத் தாண்டி 200க்குள் வைத்தால் இன்னும் பத்திரம். பாளத்தைத் திருகுத்தகட்டால் பூட்டு, இல்லையென்றால் கடையைக் கழுவும்போது எடுத்து வெளியே வைத்துவிட்டுத் திரும்ப வைக்க மறப்பார்கள்.

கடை அக்கா:

அஞ்சடியில, அதான் கடை முன்னால இருக்கிற நடைபாதையில, வெளிய வைக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: வேண்டாம். சாரல் அடிக்கும், நகராண்மைக் கழகத்து ஆளுங்க வந்தா வழிய மறிக்குதுன்னு சொல்வாங்க. உள்ள வாசலப் பாத்து வைங்க. மேற்கப் பாத்த கடைன்னா சாயங்கால வெயில் விழாத இடமாப் பாருங்க, மினுமினு ஜெர்சிதான் முதல்ல வெளுக்கும்.

வயரிங் கை:

கடைசியாக ஒன்று. ஒரே வெள்ளை என்று எழுதியிருந்தாலும் சுருளுக்குச் சுருள் சாயல் மாறும். பிறகு வாங்கி மாற்றிய துண்டு மட்டும் நீலமாகவோ மஞ்சளாகவோ தனித்துத் தெரியும். முதலில் வாங்கும்போதே இரண்டு 5 மீட்டர் சுருள் ஒரே பெட்டி எண்ணில் வாங்குங்கள். 7.8 போக 2 மீட்டருக்கு மேல் மிஞ்சும், மூன்று துண்டுக்குப் போதும். அதையும், ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸையும், ஆறுகோணச் சாவியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பின்கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

புதுசு:

பையில எந்த வயர் எங்க போகுதுன்னு ஒரு படமும் வரைஞ்சு போடலாமாண்ணே?

வயரிங் கை:

போடு. பென்சிலில் வேண்டாம், மார்க்கரில் வரை.