மேல் வீட்டுத் தூளிச் சத்தம்: இந்த அம்மாவை வில்லியாக்காமல் த்ரில்லர் எழுத முடியுமா?

மொட்டைமாடி_கொடி:

ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் மாட்டிக்கொண்டேன். மடிப்பாக்கத்தில் மூன்று மாடி ஃபிளாட். நாயகி 31 வயது, பிறந்து பதினோராவது நாளில் குழந்தையைப் பறிகொடுத்தவள். நாலு மாசம் கழித்து மேல் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவருகிறது. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் மேலே தூளிக் கொக்கி கிறீச் கிறீச்சென்று ஆடுவது மட்டும் கேட்கும். இவள் படுத்தபடி அதை எண்ண ஆரம்பிக்கிறாள். எண்ணிக்கை வளர்ந்து வளர்ந்து, அந்தக் குழந்தை எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது பால் குடிக்கிறது என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கிற அளவுக்குப் போகிறது.

இதுவரை எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் படித்துப் பார்த்த மூன்று பேருமே "கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அதானே?" என்று கேட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையை இழந்தவள் என்றால் பைத்தியம், பைத்தியம் என்றால் கத்தியை எடுப்பாள் என்கிற பாதையில் போகாமல் எப்படி பயமுறுத்துவது? "எல்லாம் அவள் கற்பனை" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை நானே யோசித்துக் கைவிட்டுவிட்டேன்.

பழைய_வார்டு:

தம்பி, நான் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கதை எழுதத் தெரியாது, ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பால். குழந்தை போனது உடம்புக்குத் தெரியாது. பதினோரு நாள் ஊட்டியவளுக்கு நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும், மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். பால் வற்ற மாத்திரை எழுதித் தருவார்கள். வீட்டுப் பெரியவர்கள் அதற்கே மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள், வேலூர் சி.எம்.சி.யில் பாலை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். அப்படிப் பூ வைத்துக் கட்டப்பட்ட ஒரு பெண் அதற்கப்புறம் இந்த ஊரில் எப்படி நடமாடுவாள், யோசியுங்கள். சாயங்காலமானால் கோயில் வாசல், பஸ் ஸ்டாப், லிஃப்ட், எல்லா இடத்திலும் அதே வாசனை.

இன்னொன்று, அந்த நாலு மாசத்தை ஆறு வாரமாகக் குறைத்துவிடுங்கள். மேலே குழந்தை அழும்போது கீழே இவளுக்கு ரவிக்கை நனையும். எந்தக் குழந்தை அழுதாலும் சுரக்கும், சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. காலண்டரில் நேரம் குறிக்கிறாள் என்றீர்களே, அவள் ஏன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்?

முகப்பேர்_முப்பது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை.

நான் கவுன்சலிங் துறையில் இருக்கிறேன். "பைத்தியம்" என்ற வார்த்தையை உங்கள் பாத்திரங்கள் சொல்லட்டும், கதை சொல்பவர் சொல்ல வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ் (எது நிஜம், எது பிரமை என்று பிரித்தறிய முடியாத நிலை) என்று ஒன்று இருக்கிறது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அது அவசர சிகிச்சை தேவைப்படும் நோய். உங்கள் நாயகிக்கு வந்திருப்பது அது இல்லை, துக்கம். துக்கம் நீடித்து நோயாகிறது என்று சொல்லவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. ஆறாவது வாரத்தில் மாமியார் "இன்னுமா அழுதுட்டிருக்கே" என்று கேட்பதுதான் அந்த வீட்டில் அசாதாரணமான விஷயம்.

அது தன் குழந்தை இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியட்டும். தெரிந்துகொண்டே தினமும் ஒரு படி மேலே ஏறுகிறாள் என்றால் எனக்கு இன்னும் அதிகமாக வயிற்றைப் பிசையும். (இதைப் படிக்கிற யாருக்காவது பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.)

கடைசிபஸ்_21ஜி:

எல்லோரும் ரொம்ப மென்மையாகப் பேசுகிறீர்கள். த்ரில்லர் என்றால் ஏதாவது நடக்கணும் சார். முந்நூறு பக்கம் காசு கொடுத்து வாங்கிவிட்டு ஒரு அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழுவதைப் படிக்க என்னால் முடியாது. தூக்கட்டும், என்ன கெட்டுப்போச்சு?

எதிர்வீட்டு_ஜன்னல்:

21ஜி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, நடக்கத்தான் வேண்டும். ஆனால் நடப்பது மேல் வீட்டிலிருந்து நடக்கலாமே? நம் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண் முன்னால் யார் கைக்குழந்தையைக் காட்டுவார்கள்? வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் வளையல் போட விட மாட்டார்கள். மேல் வீட்டுப் பாட்டிக்கு விஷயம் தெரிந்ததும் என்ன ஆகும்? முதலில் குழந்தை கன்னத்தில் மை கொஞ்சம் பெரிசாகும். அப்புறம் செவ்வாய், வெள்ளி மிளகாய் சுற்றிப் போடுகிற நெடி மாடிப்படி வழியே கீழே இறங்கும். இவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது குழந்தை முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடுவார்கள். ஒருநாள் குழந்தைக்கு சாதாரண சளி. பழி யார்மேல்? கீழே இருப்பவள் எண்ணுகிறாள் என்றால் மேலே இருப்பவர்களும் இவள் எத்தனை தடவை கதவைத் திறக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று படிக்கிறவனுக்கே குழம்பிவிடும்.

இன்னொரு சந்தேகம். அவ்வளவு சின்னக் குழந்தையைப் பெரும்பாலும் எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். ஆண்கள் மட்டும் போய்விட்டு வந்து குளித்துவிடுவார்கள். உங்கள் நாயகிக்கு இடம் தெரியுமா?

மொட்டைமாடி_கொடி:

தெரியாது. இந்த நிமிஷம் வரை எனக்கும் தெரியாது. புருஷன் ஒரு வரியில் "எல்லாம் முடிஞ்சுது" என்கிறான், நான் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். அவள் மேலே குழந்தையைத் தேடிப் போகிறாள் என்றே எழுதிக்கொண்டிருந்தேன், கீழே, மண்ணில், தேட ஒரு இடம் இருப்பது தோன்றவே இல்லை. 21ஜி, ஏதாவது நடக்கும், கவலைப்படாதீர்கள்.

பழைய_வார்டு:

பதினோராவது நாள் என்று ஏன் வைத்தீர்கள் தம்பி? நிறைய வீடுகளில் அன்றைக்குத்தானே பேர் வைப்பார்கள்.

மொட்டைமாடி_கொடி:

சும்மா ஒரு எண் போட்டேன் அம்மா. சத்தியமாக அதை யோசிக்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், நூற்று எண்பது பக்கத்திலும் அது வெறும் "குழந்தை"தான்.

பழைய_வார்டு:

உயிரோடு பிறந்து போன பிள்ளைக்கு ஜனனம், மரணம் இரண்டுமே பதிவாகும். ஆஸ்பத்திரியில் பேர் வைப்பதற்கு முன்னால் பதிந்தால் பிறப்புச் சான்றிதழில் பேர் கட்டம் காலியாக இருக்கும், பதினைந்து வருஷம் வரை சேர்க்கலாம் என்று சட்டம். மாநகராட்சி இணையதளத்திலேயே சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம், அவள் பகல் பூரா வீட்டில் தனியாகத்தானே இருக்கிறாள்?

மொட்டைமாடி_கொடி:

ஆமாம். புருஷன் ஆபீஸ் போனதும் லேப்டாப் அவளிடம்தான் இருக்கும். மேல் வீட்டுக் குழந்தைக்குப் பேர் வைக்கிற விழா ஞாயிற்றுக்கிழமை, இவளைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை இவள் மண்டல அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறாள், கையில் காலிக் கட்டம். மேலே பாட்டி யாரிடமோ போனில் சொன்ன பேர் மாடிப்படியில் இவள் காதில் விழுந்திருக்கிறது.

கடைசிபஸ்_21ஜி:

ஐயோ. சரி, எழுதுங்கள், வாங்குகிறேன்.